வைத்தியக் கடனும் நம் சங்கங்களும்

கடன் என்னும் சொல் ஒன்றேயாயினும் கடன்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. நூலுக்காகக் கடன்பட்ட நெசவாளர் அந்நூலைத் துணியாக்கி, துணியைக் கூலியாக்கி, கூலியிலிருந்து கடனை அடைக்கிறார். விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்ட விவசாயிக்கு அறுவடை என்றொரு நாள் கண்ணெதிரே நிற்கிறது. மழை பொய்க்கலாம், விலை சரியலாம். எனினும் வாங்கிய பணம் நிலத்திலோ தறியிலோ இறங்கி வேலை செய்கிறது. நோய்க்காகப் பட்ட கடன் அவ்வாறன்று. அது எதையும் விளைவிப்பதில்லை. உயிரைக் காத்துக் கொடுத்தாலும், அதை அடைக்க வேண்டிய கைகளையே பல மாதங்கள் முடக்கிப் போடுகிறது. வருமானம் நின்ற நாளில் பிறந்து, வருமானம் திரும்புமுன்னரே வட்டியோடு வளர்ந்துவிடும் கடன் அது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சந்தைக்கு உழவு மாடு பிடிக்கச் செல்பவர் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, விலை பேசி, பிடிக்காவிடில் வெறுங்கையோடு திரும்புகிறார். நள்ளிரவில் நெஞ்சுவலி கண்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் குடும்பத்தார்க்கு விலை கேட்கும் வாய் ஏது? திரும்பிச் செல்லும் உரிமைதான் ஏது? எவ்வளவு ஆகுமென்று தெரியாமல், வேண்டாமென்று சொல்ல வழியும் இல்லாமல் ஏற்ற கடனை, விரும்பி வாங்கிய கடனோடு ஒரே தராசில் நிறுத்தல் நியாயமாகாது. ஆகவேதான் இக்கடனைப் பற்றித் தனியே சில வார்த்தைகள் சொல்ல விழைகிறோம்.

பெயர் மாறும் கடன்

நம் சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டினால் வைத்தியக் கடன் என்றொரு தலைப்பைக் காண்பதரிது. நம் அங்கத்தினர் நோய்க்காகக் கடன்படுவதேயில்லை என்று இதற்குப் பொருளன்று. தனியார் ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் கடன் சொல்ல இடம் தருவதில்லை. முன்பணம் கட்டினால் படுக்கை, பாக்கியைத் தீர்த்தால் வீடு திரும்பல் என்பதே வழக்கமாக இருந்துவருகிறது. எனவே கடன் ஆஸ்பத்திரியில் பிறப்பதில்லை. அங்கே பணம் கட்டுவதற்காக வேறோரிடத்தில் பிறந்துவிடுகிறது. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனால் அது நகைக்கடன். மகளிர் குழுவில் வாங்கினால் குழுக்கடன். தறி முதலாளியிடம் பெற்றால் முன்பணம். கைப்பேசிச் செயலியில் வந்தால் செயலிக் கடன். தெருவில் வரும் தண்டல்காரரிடம் வாங்கினால் தண்டல். சங்கத்தில் பயிர்க்கடனாகப் பெற்ற தொகையே ஆஸ்பத்திரிக்குச் சென்றுவிட்டாலும், கணக்கில் அது விதையும் உரமுந்தான். நோயின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை.

பெயர் மறைவது சிறிய விஷயமன்று. அதனால் மூன்று தீங்குகள் விளைகின்றன. முதலாவது, ஆஸ்பத்திரி கொடுத்த பில் சரியானதுதானா என்று பிறகு எவரும் கேட்பதில்லை. பணம் கட்டியாயிற்று, காகிதம் பெட்டிக்குள் போயிற்று. இரண்டாவது, தவணை கேட்டு வரும் வசூல்காரருக்கு நோய் தெரியாது; தவணை தவறியவர் என்ற ஒன்றே தெரியும். மூன்றாவது, நம் சங்க நிர்வாகிகளுக்கும் அதுவே நேர்கிறது. தவணை கடந்த பாக்கிப் பட்டியலில் ஒரு பெயர் வந்தவுடன் அசட்டை என்றும் நாணயக் குறைவு என்றும் எண்ணிவிடுகிறோம். அந்த அங்கத்தினரோ வெட்கத்தால் சங்கப் படி ஏறுவதையே நிறுத்திவிடுகிறார். உதவி தேவைப்படும் வேளையில் சங்கத்தை விட்டு விலகிப்போகிறார்.

இந்தச் சுமை எத்துணை என்பதற்கு அரசாங்கக் கணக்கே சான்று. இந்தியாவில் வைத்தியத்துக்காகச் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் மக்கள் நேரே தம் கையிலிருந்து கொடுத்தது, 2013-14-ஆம் ஆண்டில் 64 ரூபாய். 2021-22-இல் 39 ரூபாய். தேசிய சுகாதாரக் கணக்கு இவ்வாறு கூறுகிறது. சுமை குறைந்துவருவது மெய், மகிழ்ச்சிக்குரியதும் ஆகும். ஆனால் எஞ்சிய அந்த 39 ரூபாய் யார் கையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 2019-20-ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருமானத்தில் வாழ்ந்தவை. அத்தகைய வீட்டில் ஒரு வார ஆஸ்பத்திரிச் செலவு ஓராண்டுக் கூலியை விழுங்கிவிடும் என்பதற்கு வேறு கணக்குத் தேவையில்லை.

அமெரிக்கா காட்டும் படிப்பினை

கடன் பெயர் மாறாமலே வசூல்காரர் கைக்குப் போகும் நாடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது இவ்விடத்தில் பயன் தரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதலில் வைத்தியம், பிறகு பில் என்பது பெரும்பாலும் முறை. பில் தொகை சில மாதங்கள் வரை வராவிடில், ஆஸ்பத்திரி அப்பாக்கியை வசூல் கம்பெனியிடம் ஒப்படைக்கிறது. அல்லது அற்ப விலைக்கு விற்றேவிடுகிறது. 2021-ஆம் ஆண்டின் நடுவில், அந்நாட்டு மக்களின் கடன் நாணயப் பதிவேடுகளில் ஏறியிருந்த, வசூலுக்குப் போன வைத்தியப் பாக்கி 8,800 கோடி டாலர் என்று அவ்வரசாங்கத்தின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு நிலையம் 2022-இல் அறிவித்தது. செல்வத்தில் முதன்மையான நாட்டில் இந்நிலை.

ஆயினும் கடன் தன் பெயரோடு இருந்தமையால் அங்கே சில பாதுகாப்புகள் எழுந்தன. 1977-இல் இயற்றிய கடன் வசூல் முறைச் சட்டம், வசூல் கம்பெனி முதலில் கடன் விவரத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அது கிடைத்த 30 நாட்களுக்குள், இக்கடனை நான் ஏற்கவில்லை, சான்று காட்டுக என்று கடன்பட்டவர் எழுத்து மூலம் கேட்டுவிட்டால், சான்று காட்டும் வரை வசூல் நிற்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு கடமையை விதித்தது. ஏழைகளுக்குக் கட்டணச் சலுகை தரும் ஏற்பாடு அவற்றில் இருக்க வேண்டும். சலுகைக்குத் தகுதியுண்டா என்று பாராமல் கடுமையான வசூல் நடவடிக்கையில் இறங்கலாகாது. 2014-இல், வசூல் தொழிலில் முன்பு பெரிய பதவிகளில் இருந்த இருவர் ஒரு தரும ஸ்தாபனத்தைத் தொடங்கினர். வசூல் கம்பெனிகள் வாங்கும் அதே அற்ப விலைக்கு ஏழைகளின் வைத்தியப் பாக்கியை மொத்தமாக வாங்கி, அதை வசூலிக்காமல் தள்ளுபடி செய்வதே அதன் வேலை. ஏறத்தாழ 1 டாலர் நன்கொடையில் 100 டாலர் பாக்கியை ஒழிக்க முடிந்தது. நூறுக்கு ஒன்று என்று சந்தையில் விலைபோகும் கடனுக்காக, முழுத் தொகையையும் கேட்டு ஒரு குடும்பத்தை வாட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

அங்கும் எல்லாம் நேர்வழியில் நடந்துவிடவில்லை. வைத்தியப் பாக்கியைக் கடன் நாணயப் பதிவேடுகளிலிருந்து அறவே நீக்க 2025 ஜனவரியில் பிறப்பித்த விதியை, அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் ஒன்று செல்லாதென்று தள்ளிவிட்டது. மேலிருந்து வரும் பாதுகாப்பு மேலிருந்தே எடுக்கப்படலாம். இதுவும் நாம் கற்க வேண்டிய பாடந்தான்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அந்நாட்டுச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் அச்சட்டத்தின் உயிர்நாடியாகிய மூன்று கேள்விகள் எந்த நாட்டுக்கும் பொருந்தும். தொகை சரிதானா? கடன் யாருடையது? கேட்பவர்க்கு என்ன உரிமை? நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்மூன்றையும் கேட்கப் பழக வேண்டும். கேட்பது அவமரியாதை அன்று. கடனை மறுப்பதும் அன்று. சங்கத்தில் ரசீது பெறாமல் நாம் பணம் கட்டுகிறோமா?

முதற் கேள்வி தொகையைப் பற்றியது. மருந்து இவ்வளவு, அறை வாடகை இவ்வளவு, பரிசோதனை இவ்வளவு என்று வகைவாரியாக எழுதிய பில்லைப் பெறும் உரிமை நோயாளர்க்கு உண்டு. 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயம் அதைக் கூறுகிறது. பணத் தகராறைக் காரணமாகக் காட்டி நோயாளரையோ இறந்தவர் உடலையோ ஆஸ்பத்திரி தடுத்து வைக்கலாகாது என்றும் அப்பட்டயம் கூறுகிறது. இது தனியே ஒரு சட்டமன்று; மாநிலங்கள் ஏற்று நடத்துமாறு மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் கேட்டுக்கொண்டது. ஆனால் சட்டத்தின் வாயிலும் அடைபட்டிருக்கவில்லை. கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. பில்லைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் பத்திரப்படுத்துவதன் பயன் இதுவே.

இரண்டாவது கேள்வி, கடன் யாருடையது என்பது. கணவர் இறந்த பின் மனைவியிடமும், தந்தை இறந்த பின் மகனிடமும் வந்து, நீ கட்டியே தீர வேண்டும் என்று மிரட்டுவோர் உண்டு. இறந்தவர் பட்ட கடன் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசைப் பற்றும். மகன் என்ற ஒரே காரணத்தால் தந்தையின் கடன் தலையில் விழும் பழைய இந்து தர்மக் கொள்கை, 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஏற்பட்ட கடன்களுக்கு இல்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நிலைமை வேறு. ஆகவே துக்க வீட்டில் வந்து நீட்டும் காகிதம் எதிலும், படித்துப் பாராமலும் பிறரைக் கேளாமலும் கையெழுத்திடலாகாது. கைக்கடனுக்கு வழக்குத் தொடரச் சட்டம் தரும் காலம் பொதுவாக 3 ஆண்டு. காலம் முடியுமுன் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அக்காலம் புதிதாகத் தொடங்கும். வெற்றுப் புரோநோட்டில் இடும் ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்பதை அங்கத்தினர் உணர வேண்டும்.

மூன்றாவது, கேட்பவரின் உரிமை. வசூல்காரர் வாசலில் நிற்பதனாலேயே அவர் சொல்வதெல்லாம் சட்டமாகிவிடாது. நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்த முறைகளை ஒவ்வொரு மகளிர் குழுவும் அறிந்திருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கலாகாது. வசைச் சொல் கூடாது. உறவினரையும் அண்டை அயலாரையும் தொல்லை செய்தல் கூடாது. கடன்பட்டவர் பெயரை ஊரறியப் பரப்புதல் கூடாது. முகவர் இன்னார் என்பதை நிறுவனம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். வருபவர் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து வீட்டு வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுப்பதே அவ்விதிக்கு மாறானது. கைப்பேசிச் செயலிகள் நம் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் எடுத்தாளுவதையும் ரிசர்வ் வங்கி அதே ஆண்டில் தடுத்தது.

தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று பல பெயரில் நடக்கும் கொள்ளைக்குத் தமிழ்நாட்டில் 2003 முதல் தடைச் சட்டம் உண்டு. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வற்புறுத்தியும் அச்சுறுத்தியும் வசூலிப்பதைக் குற்றமாக்கி, 2025-இல் இன்னொரு சட்டமும் இயற்றப்பட்டது. வங்கி, நுண்கடன் நிறுவனம் ஆகியவற்றின் மீது முறையிட ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண் உண்டு. வழக்கறிஞர் தேவைப்படின், இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உண்டு. பெண்களுக்கு அவ்வுதவி வருமான வரம்பின்றிக் கிடைக்கும். இவ்வெண்களைச் சங்கச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாலே பாதி அச்சம் நீங்கும்.

உற்பத்திக்கு மட்டுமே கடன் என்னும் கொள்கை

இவ்வளவும் கடன் பட்ட பிறகு செய்பவை. அதற்கு முன்னரே செய்ய வேண்டியதில் நம் சங்கங்களின் பங்கு என்ன? இங்கேதான் ஒரு பழைய கொள்கையை எதிர்கொள்கிறோம்.

உற்பத்திக்கே கடன், வீட்டுச் செலவுக்குக் கடன் இல்லை என்பது கூட்டுறவாளர் நெடுங்காலமாகப் போற்றிவந்த நெறி. அதில் நியாயமும் உண்டு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கொடுத்துப் பணத்தைக் கரைத்த சங்கங்கள் நொடித்துப் போனமை கண்கூடு. ஆயினும் அந்நெறியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின், அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வின் அறிக்கை 1954-இல் வெளியாயிற்று. விவசாயிகள் கடன் வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது சுமார் 3 ரூபாய். லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது ஏறத்தாழ 70 ரூபாய். லேவாதேவிக்காரர் கேட்ட வட்டி அதிகமென்பது விவசாயிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எதற்கென்று கேளாமல், நள்ளிரவிலும் கதவைத் திறந்தவர் அவரே. அன்றிலிருந்து நம் சங்கங்கள் வெகுதூரம் முன்னேறிவிட்டன. எனினும் நோய் வந்த இரவில் கதவைத் திறப்பவர் யார் என்ற கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது.

நோயைக் கல்யாணச் செலவோடு ஒரே வரிசையில் வைத்தல் தவறு என்பதே எமது கருத்து. நெசவாளரின் முதல் தறி அவர் உடம்பு. குடியானவரின் முதல் நிலமும் அதுவே. அறுந்த பாவை இழை சேர்த்து முடிவதற்குக் கொடுக்கும் பணம் உற்பத்திக் கடன் என்றால், அதை முடியும் விரலுக்குக் கொடுக்கும் பணம் வேறு என்ன?

முன்னர் செய்து காட்டியவர்கள்

கூட்டுறவாளர் இத்துறையில் இறங்குவது புதுமையன்று. அமெரிக்காவில் ஒக்லஹாமா மாகாணத்து எல்க் சிட்டி என்னும் சிற்றூரில், லெபனானிலிருந்து குடியேறிய டாக்டர் மைக்கேல் ஷாதித் என்பார் 1929-இல் விவசாயிகளைத் திரட்டினார். குடும்பத்துக்கு 50 டாலர் பங்கு என்று சேர்த்து, 1931-இல் கூட்டுறவு ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்தார். பொருளாதார மந்தமும் வறட்சியும் அப்பகுதி விவசாயிகளை வாட்டிய காலம் அது. உள்ளூர் வைத்தியர் சங்கத்தினர் கடுமையாக எதிர்த்தனர். விவசாயிகளோ அதை விடாமல் காத்தனர். நோய் வந்தபின் பில்லுக்கு அஞ்சுவதைவிட, நோய் வருமுன் சிறிது சிறிதாகச் சேர்ப்பது மேல் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

நமக்கு அண்மையில் உள்ள கர்நாடகத்தில் 2003 ஜூன் மாதம் யசஸ்வினி என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராயிருத்தலே அதற்குத் தகுதி. மாதம் 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 60 ரூபாய் சந்தா. அரசாங்கமும் பங்கு கொடுத்தது. ஏறத்தாழ 1,600 வகை அறுவைச் சிகிச்சைகள் அதில் அடங்கின. முதலாண்டிலேயே சுமார் 16 இலட்சம் பேர் சேர்ந்தனர். 2018-இல் அது வேறொரு பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. கூட்டுறவாளர் விடாது கேட்டதன்பேரில் 2022-இல் மீண்டும் தொடங்கப்பட்டது. சங்கத்தின் வழியாக வைத்தியப் பாதுகாப்பைக் கொண்டுசெல்வது இயலாத காரியம் என்பார்க்கு இஃதொன்றே விடை.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் அரசாங்கத்தின் கையில் உள்ளன. ஒரு சிறு சங்கம் தன் கையால் செய்யக்கூடியவை நான்கு.

முதலாவது, இருக்கின்ற உரிமையைப் பெற்றுத்தருவது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடந்துவருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை, அட்டவணையில் உள்ள சிகிச்சைகளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் அட்டை எடுக்காமலும், எந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்தது என்று அறியாமலும், அருகில் கண்ட கட்டடத்தில் நுழைந்து முன்பணம் கட்டிவிடுவோர் பலர். அங்கத்தினர் அனைவர்க்கும் அட்டை உண்டா என்று சங்க எழுத்தர் ஒரு பதிவேடு வைக்கலாம். திட்டத்தில் சேர்ந்த அருகாமை ஆஸ்பத்திரிகளின் பட்டியலை ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டச் செய்யலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஒரு சிறு நோய்க்கால நிதி. காப்பீடு எல்லாவற்றையும் தாங்குவதில்லை. அன்றாட மருந்து, பேருந்துக் கட்டணம், உடனிருப்பவர் சாப்பாடு, நின்றுபோன கூலி ஆகியவை வீட்டாரின் தலையில்தான் விழுகின்றன. 300 அங்கத்தினர் மாதம் 10 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் சேரும். ஓர் அறுவைச் சிகிச்சைக்கு இத்தொகை காணாது என்பது தெரிந்ததே. ஆனால் முதல் இரவின் தேவைக்காகத் தண்டல்காரர் வீட்டுக் கதவைத் தட்டாமலிருக்க, ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய் வட்டியின்றிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். ஒரே சமயத்தில் ஏழு வீடுகளுக்கு அது கைகொடுக்கும். துணைவிதியில் உரிய திருத்தம் செய்து, பதிவாளரின் ஒப்புதலோடு, தனிக் கணக்கில் இதை நடத்த வேண்டும். பொதுநல நிதி உள்ள சங்கங்கள் அதிலிருந்து ஒரு தொடக்கத் தொகையை வைக்கலாம்.

மூன்றாவது, கடனின் பெயரைப் பதிவு செய்வது. தவணை தவறிய ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் என்றொரு பத்தி வேண்டும். நோய் என்று அங்கே எழுதப்பட்டால், நிர்வாகக் குழு அதை வேறு கண்ணோடு பார்க்கும். தவணையை நீட்டித்துக் கொடுப்பதை ஆலோசிக்கும். ஓராண்டுப் பதிவைக் கூட்டிப் பார்த்தால், நம் பாக்கியில் எவ்வளவு அசட்டையினால் வந்தது, எவ்வளவு ஆஸ்பத்திரியால் வந்தது என்பது முதன்முறையாகத் தெரியவரும்.

நான்காவது, வசூல்காரர் முன் எந்த அங்கத்தினரும் தனித்து நிற்காதிருத்தல். தகராறு உள்ள கடனைப் பற்றிய பேச்சு வீட்டு வாசலில் அன்றிச் சங்க அலுவலகத்தில், பகலில், இயக்குநர் ஒருவர் முன்னிலையில் நடக்கட்டும். எழுத்துத் தெரிந்த ஒருவர் பில்லையும் புரோநோட்டையும் படித்துச் சொல்லட்டும். வந்தவர் யார், எவ்வளவு கேட்டார், என்ன சான்று காட்டினார் என்பது ஏட்டில் எழுதப்படட்டும். நியாயமான கடனைத் தீர்த்துவைக்கவும் இதுவே வழி. அநியாயத்தைத் தடுக்கவும் இதுவே வழி.

சில ஆட்சேபங்கள்

நோய் என்று பொய் சொல்லிப் பணம் பெறுவார்கள் என்பர் சிலர். ஓரிருவர் முயலலாம். ஆனால் ஒரே தெருவில் தறி போடுபவர்களுக்குள்ளும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுபவர்களுக்குள்ளும், யார் படுத்திருக்கிறார், யார் நடமாடுகிறார் என்பது மறையாது. எந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் வாய்க்காத மேற்பார்வை நமக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

கொடுத்த பணம் திரும்பாது என்பர் வேறு சிலர். சில தொகை திரும்பாமலும் போகலாம். அதற்காகவே தனிக் கணக்கும் சிறு வரம்பும் சொன்னோம். ஆனால் கந்துவட்டியில் விழுந்த அங்கத்தினர் சங்கத்துக்கு வேறு வகையில் நட்டமாகிறார் என்பதை மறக்கலாகாது. தறியை விற்றவர் நூல் கேட்டு வரமாட்டார். நிலத்தை ஒத்திக்கு வைத்தவர் பயிர்க்கடனைத் திருப்பமாட்டார். ஊரை விட்டே போனவரின் பங்குத்தொகை ஏட்டில் மட்டும் இருக்கும். 5,000 ரூபாய்க்கு அஞ்சி ஓர் அங்கத்தினரையே இழப்பது சிக்கனமாகாது.

இது அரசாங்கம் செய்ய வேண்டியது, நாம் ஏன் செய்ய வேண்டும் என்பாரும் உளர். அரசாங்கம் செய்ய வேண்டியதை இடைவிடாது கேட்போம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் டாக்டரும் மருந்தும் படுக்கையும் போதிய அளவு இருப்பதே இக்கடனுக்குச் சிறந்த தடுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் கேட்பவர் கையில் கணக்கு இருக்க வேண்டும். நம் பாக்கிப் பட்டியலில் நோயின் பெயரை எழுதிவைத்தால்தான், இத்தனை குடும்பங்கள் வைத்தியத்தால் கடனாளிகளாயின என்று அதிகாரிகள் முன் ஏட்டைத் திறந்து காட்ட முடியும்.

ஆகவே அங்கத்தினர்கட்கு எமது வேண்டுகோள் இது. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நோய்க்கால நிதி, பாக்கிப் பட்டியலில் காரணப் பத்தி என்னும் இரண்டையும் சேர்க்குமாறு எழுத்து மூலம் கோருங்கள். நிர்வாகக் குழுவினர் அதை மறுதலிக்காமல் விவாதத்துக்கு வைக்கட்டும். தொகையைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் எழலாம், எழுவதே நன்று. இன்று உங்களில் எத்தனை பேர் வீட்டில் மருந்துச் சீட்டோடு தவணைச் சீட்டும் சேர்ந்து கிடக்கிறது என்பதை நீங்கள் மட்டுமே அறிவீர்கள். அதைச் சங்கமும் அறியட்டும்.